மாதாவுக்குக் கீழே ஒரு நீர்மூழ்கி

லூனாஸ் ஊரில், மோரிஸ் வீட்டு முன்ஹாலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. முழுக் கப்பல் இல்லை. காசு போட்டு விளையாடுகிற பெட்டி. ஐந்தடி உயரம், துணி அலமாரி அகலம். முன்பக்கத்தில் பெரிஸ்கோப் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தால் உள்ளே நீலக் கடல், கடலின் கோடியில் வரிசையாகப் போகும் கப்பல்கள். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் தண்ணீருக்கடியில் சிவப்பு வெளிச்சம் ஒன்று ஓடிப் போய்க் கப்பலில் மோதும். டமார் என்று ஒரு சத்தம். குறி தவறினால் கப்பல் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அதெல்லாம் பெட்டி புதிதாக இருந்த காலத்துச் சங்கதி. மோரிஸ் வாங்கி வந்தபோது அதற்குள் கடலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஓர் எலிக் குடும்பம்தான் இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. பட்டர்வொர்த்தில் ஒரு விளையாட்டுக் கூடத்துக்காரர் டிவி மாதிரித் திரை வைத்த புதுப் பெட்டிகளை இறக்கிவிட்டு, பழையதையெல்லாம் பின்சந்தில் மழையில் தள்ளியிருந்தார். லாரி ஓட்டும் மோரிஸ் அந்த வழியாகத்தான் வந்தான். "லாரி காலியாத்தானே திரும்புதுன்னு ஏத்திக்கிட்டேன்" என்றான் மனைவி அக்னஸிடம்.

"வயிறு காலியா இருந்தா கல்லத் தூக்கிப் போட்டுக்குவீங்களா?" என்றாள் அக்னஸ்.

ஆனால் மோரிஸின் தங்கை பிரிஜெட்டுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தவுடனேயே கை துறுதுறுத்தது. அவள் பிறை நகரத்து எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் பொடிப்பொடிச் சாமான்களைத் தகட்டில் வைத்து ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை. அங்கே ஒட்டியது எதற்குள் போகிறது, என்ன செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை. இங்கே அப்படியில்லை. ஒரு கம்பியை ஒட்டினால் ஒரு விளக்கு எரிந்தது. ஒரு பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டால் ஒரு கப்பல் நகர்ந்தது.

இதற்கு முன்பு மோரிஸ் கொண்டுவந்த துப்பாக்கிப் பெட்டியை அவள்தான் பிழைக்க வைத்தாள். அது இப்போது கூலிமில் ஒரு காப்பிக்கடையில் நின்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கிப் பெட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினாள். பூசை முடிந்து வந்ததும் உடை மாற்றிக்கொண்டு பெட்டியின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். கறையான் தின்ற பலகைகளை மோரிஸ் மாற்றினான். கறுத்துப்போன தொடுமுனைகளை அவள் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளக்க வைத்தாள். மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். துருப்பிடித்த தகரக் கப்பல்களுக்குச் சாம்பல் வண்ணம் பூசினாள். ஒரே ஒரு கோளாறு மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. மின்சாரம் கொடுத்துச் சற்று நேரம் கழித்து, காசே போடாமல், பெட்டி தானாக ஓட ஆரம்பித்தது.

"பேய் பூந்திருச்சுலா" என்றான் மோரிஸ்.

"பேய் இல்லண்ணே. எங்கேயோ ஒண்ணு படக்கூடாத இடத்துல படுது. கண்டுபிடிச்சிடுவேன்."

கண்டுபிடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஜெரார்டுக்கு ஊர் கோலா கெடா. அங்கே லங்காவித் தீவுக்குப் போகிற படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அலோர் ஸ்டார் கல்யாணம் ஒன்றில் பிரிஜெட் அவனைப் பார்த்திருந்தாள். பந்தியில் பரிமாற வந்தவன் அவள் சேலையில் சாம்பாரைக் கொட்டிவிட்டான். மன்னிப்புக் கேட்கக் குனிந்ததில் மீதியையும் கொட்டினான். அந்த முகத்தில் தெரிந்த பதற்றத்தை நினைத்து அவள் தொழிற்சாலை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. அவனும் விடாமல் விசாரித்திருக்கிறான் என்று தெரிந்தபோது அவளுக்கு வேலையில் இரண்டு தகடு தப்பாகப் போனது.

தாய் தகப்பன் இல்லாத ஜெரார்டை வளர்த்தவர் அவனுடைய அத்தை மதலேனம்மாள். கணவர் போன பிறகும் சொந்தப் படகை விற்காமல், ஆள் வைத்துக் கடலுக்கு அனுப்பி, மீன் சந்தையில் தானே நின்று ஏலம் விடுகிற பெண்மணி. பக்தியும் அதிகம், குரலும் அதிகம். அவர் சரி என்றால் சரி.

அக்னஸுக்கு அதுதான் பயம். போன வருஷம் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்தவர்கள் முன்ஹாலில் துப்பாக்கிப் பெட்டியையும் பிரிஜெட் விரலில் இருந்த சூட்டுத் தழும்பையும் பார்த்துவிட்டு, "பொண்ணு இந்த மாதிரி வேலையெல்லாம் விட்டுடும்ல?" என்று கேட்டார்கள். "விடமாட்டேன்" என்று பிரிஜெட் சொன்னாள். காப்பியோடு எழுந்தவர்கள் திரும்பி வரவில்லை.

"அவங்க போனா போறாங்க" என்றாள் பிரிஜெட் அப்போது. இப்போது அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஜெரார்டும் வேண்டும், இந்த வேலையும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

"நீ ஒண்ணும் கேக்க வேணாம், சொல்லவும் வேணாம்" என்றாள் அக்னஸ். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"பெட்டி நடுஹால்ல நிக்குதே அண்ணி."

"அத நான் பாத்துக்கிறேன். நீ போய்ச் சேலையக் கட்டு."

நகர்த்த வழியில்லை. பெட்டி அத்தனை கனம், வெளியிலோ மழை. அக்னஸ் பீரோவைத் திறந்து தன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளைச் சரிகை விரிப்பை எடுத்து மேலிருந்து கீழ்வரை போர்த்தினாள். பெரிஸ்கோப் துருத்திக்கொண்டு நின்றது. அதன் ஒரு கைப்பிடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டாள், இன்னொன்றில் பூச்சரம். முக்காலி போட்டு ஏறி, உச்சியில் வேளாங்கண்ணி மாதா சுரூபத்தை வைத்தாள். இருபக்கமும் மெழுகுவர்த்தி. அதுவும் போதாதென்று, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடுகிற சின்ன விளக்குச் சரத்தை மாதாவைச் சுற்றிக் கட்டி, சுவரோரம் கிடந்த பிளக்குக் கட்டையில் சொருகி, சுவிட்சைத் தட்டினாள். அதே கட்டையில் இன்னொரு வயரும் சொருகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. வயர் என்றால் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பிரிஜெட் சேலை கட்டி வெளியே வருவதற்கும் வாசலில் டாக்சி நிற்பதற்கும் சரியாக இருந்தது.

மதலேனம்மாள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னால் ஜெரார்ட், செருப்பைக் கழற்றுகிறேன் பேர்வழி என்று வாசல் பூந்தொட்டியைத் தட்டிவிட்டு, அதை நிமிர்த்தி, மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பிரிஜெட் சிரிப்பை அடக்கினாள்.

மதலேனம்மாளின் பார்வை நேரே சரிகை விரிப்பின் மேல் விழுந்தது. மெழுகுவர்த்தி, பூ, விளக்கு, உச்சியில் மாதா.

"அடேயப்பா" என்றார். குரல் ஏலச் சந்தையிலிருந்து கோயிலுக்கு இறங்கியது. "வீட்டுக்குள்ள இம்மாம் பெரிய பீடமா! எங்க பங்குச் சாமியார் வீட்டுலகூட இப்படி இல்ல."

"மாதான்னா எங்களுக்கு உசிரு ஆன்ட்டி" என்றாள் அக்னஸ்.

"தெரியுதே. அப்ப மொதல்ல ஜெபமாலை ஒரு பத்து மணி சொல்லிட்டுத்தான் மத்த பேச்சு. டேய் ஜெரார்ட், முட்டி போடு."

யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாதா முன்னால் முட்டி போட மாட்டோம் என்று எந்தக் கத்தோலிக்க வீட்டில் சொல்ல முடியும்? எல்லோரும் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டார்கள். மதலேனம்மாள் சிலுவை வரைந்து தொடங்கினார்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

மூன்றாவது மணியில்தான் பிரிஜெட்டின் கண், மாதாவைச் சுற்றி மினுங்கும் விளக்குச் சரத்தின் வயரைப் பின்தொடர்ந்து சுவரோரம் போனது. கட்டையில் இரண்டு பிளக்குகள், ஒன்று பெட்டியுடையது. சுவிட்ச் போட்டிருந்தது. பெட்டி எந்த நிமிஷமும் தானாக ஓடத் தொடங்கலாம். எழுந்து போய் அணைக்கலாம். ஆனால் ஜெபத்தின் நடுவில், பெண் பார்க்க வந்தவர்களைத் தாண்டி, மாதாவின் விளக்கை அணைக்க எழுந்த பெண் என்று பேர் வாங்கவேண்டும். ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"...இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..."

டிங்.

மணி மாதிரி ஒரு சத்தம். மெல்லிசாக, தெளிவாக. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது பீடச் சிறுவன் அடிப்பானே, அசல் அதே ஓசை. நீர்மூழ்கி எதிரிக் கப்பலைத் தேடுகிற ஒலி அது. அந்த மணியைப் பிரிஜெட்தான் புளி போட்டுத் தேய்த்து மாட்டியிருந்தாள்.

மதலேனம்மாள் நிமிர்ந்து பார்த்தார். எல்லோர் கையும் கூப்பியபடி இருந்தது.

டிங்.

மதலேனம்மாள் நெற்றி தரையில் படக் குனிந்தார். மோரிஸும் அவரைப் பார்த்துக் குனிந்தான். குனிந்தவன் தோள் குலுங்கியது. அக்னஸ் அவன் தொடையில் கிள்ளினாள்.

டிங்.

மீதி மணிகளை மதலேனம்மாள் அழுகைக் குரலில் சொன்னார். ஒவ்வொரு ஓசைக்கும் தலை வணங்கினார். முடித்து எழுந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

"ஒம்போது நாளா நவநாள் ஜெபம் சொன்னேன்" என்றார், பிரிஜெட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு. "தாயே, இந்தப் பையனுக்கு இந்தப் பொண்ணுதானான்னு ஒரு அடையாளம் காட்டும்மான்னு கேட்டேன். யாரும் தொடாம மணி அடிச்சிச்சே, கேட்டீங்களா? இனிமே பேச என்ன இருக்கு? வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்."

அக்னஸ் முகத்தில் ஆயிரம் மெழுகுவர்த்தி. மோரிஸ் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெரார்ட் பிரிஜெட்டைப் பார்த்தான். அந்தப் பார்வை முழுக்கச் சந்தோஷம்.

சும்மா இருந்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். அவள் ஆசைப்பட்டதில் பாதி, பெரிய பாதி, கையில் வந்துவிடும். ஆனால் இந்தக் கதையை மதலேனம்மாள் மீன் சந்தையில் சொல்வார், கோயிலில் சொல்வார், பிறக்கிற பிள்ளைக்குச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் நின்று தலையாட்டவேண்டும். அந்த வீட்டில் ஒரு நாளாவது ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்க முடியுமா?

டிங், என்றது பெட்டி.

"ஆன்ட்டி, அது மாதா இல்ல" என்றாள் பிரிஜெட்.

"பிரிஜெட்!" என்றாள் அக்னஸ்.

பிரிஜெட் முக்காலியில் ஏறினாள். மாதாவை முத்தமிட்டு இறக்கி, பீரோ மேல் பத்திரமாக வைத்தாள். மெழுகுவர்த்திகளை ஊதினாள். விரிப்பைப் பிடித்து இழுத்தாள். பூச்சரத்தோடும் ஜெபமாலையோடும் நீர்மூழ்கி வெளியே வந்தது. பக்கவாட்டில் அவளே தீட்டிய பெரிய அலைகள். உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"காசு போட்டு வெளையாடுற பெட்டி ஆன்ட்டி. பழசு. நான்தான் ரிப்பேர் பண்றேன். தானா ஓடுற கோளாறு ஒண்ணு இருக்கு, இன்னும் சரியாகல."

மதலேனம்மாள் பெட்டியையும் பீரோ மேல் இருந்த மாதாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான்," மதலேனம்மாள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார், "இவ்ளோ நேரம் தல வணங்கினது, இந்தப் பெட்டிக்கா?"

"மாதா மேலதானே இருந்தாங்க ஆன்ட்டி" என்றான் மோரிஸ். "வழியிலதான் பெட்டி."

ஜெரார்டிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று காட்டப் பார்த்தான். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வாய மூடுடா! கெளம்பு." மதலேனம்மாள் குடையை எடுத்தார். வாசல்வரை போனார். மழை பலமாக அடித்தது. டாக்சிக்காரர் எங்கோ டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி நின்று பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். "சூதாட்டமா இது?"

"இல்ல ஆன்ட்டி. கப்பல் சுடுற வெளையாட்டு."

"கப்பல எதுக்குச் சுடணும்? கப்பல் என்ன பண்ணுச்சு?"

பிரிஜெட் பெரிஸ்கோப்பைக் காட்டினாள். "பாக்குறீங்களா?" என்றாள்.

என்ன பாவம் உள்ளே இருக்கிறது என்று பார்த்துவிடுகிற தோரணையில்தான் மதலேனம்மாள் பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். உள்ளே நீல வெளிச்சத்தில் கடல் அசைந்துகொண்டிருந்தது. அதன் கோடியில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று மெதுவாகக் கடந்தது.

"ஏம்மா."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"இந்தக் கப்பல் ஏன் பின்பக்கத்த முன்னால நீட்டிக்கிட்டுப் போவுது?"

பிரிஜெட்டுக்குப் புரியவில்லை.

"பாரு, மூக்கு அந்தப் பக்கம் இருக்கு, கப்பல் இந்தப் பக்கம் போவுது. பொகை வேற முன்னால போவுது. ஒரு கப்பல் போனா பரவால்ல, அத்தனையும் பின்னாலயே போவுதே. எந்த ஊர்க் கடல்ல இப்படிப் போகும்?"

பிரிஜெட் அவசரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். கரங்கான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கப்பலின் எந்த முனை முன், எந்த முனை பின் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளுக்கு இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஓடினால் போதும் என்று இருந்துவிட்டாள்.

"மோட்டார்" என்றாள். "மோட்டாரத் திருப்பி மாட்டிட்டேன்." பிறகு அவள் முகம் மாறியது. "ஐயோ! அதான் தானா ஓடுது! சக்கரம் தலைகீழா சுத்துனா காசு விழுற தகட்ட எதிர்ப்பக்கமா நெம்பிவிடும்ல. அது வளைஞ்சே நிக்குது, கொஞ்சம் சூடேறினதும் போய் ஒட்டிக்குது!"

யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கி, பின்கதவைத் திறந்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, ஸ்க்ரூடிரைவர். சின்னது." பெண் பார்க்க வந்தவர்கள் நிற்கிறார்கள் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அக்னஸ் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் விழுந்தது. ஜெரார்ட் குந்தியிருந்தான்.

"எனக்கு பல்பு மாத்தக்கூடத் தெரியாது" என்றான் தாழ்ந்த குரலில். "லைட் பிடிக்கலாமா?"

"பிடிங்க. கொஞ்சம் மேல. அது என் மூஞ்சி. பெட்டி இந்தப் பக்கம்."

"தெரியும்" என்றான். வெளிச்சம் உடனே நகரவில்லை.

மோட்டாரைத் திருப்பி மாட்டி, தகட்டை நிமிர்த்தி, மறுபடி மின்சாரம் கொடுத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். பெட்டி அசையவில்லை. அக்னஸ்கூட விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். இன்னும் சற்று நேரம் போனது. சத்தமே இல்லை. பிரிஜெட் எழுந்து ஒரு இருபது சென் காசைப் போட்டாள். மோட்டார் உறுமியது. டிங்.

"இப்பப் பாருங்க ஆன்ட்டி."

மதலேனம்மாள் பார்த்தார். "ம். இப்ப சரியாப் போவுது." கைப்பிடியைப் பிடித்தார். கட்டைவிரல் தற்செயலாகத்தான் பொத்தானில் பட்டதா என்பது அவருக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். டமார் என்று சத்தம் கேட்டது. மதலேனம்மாள் ஒரு அடி பின்னால் குதித்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி குனிந்து கண்ணை வைத்தார்.

"ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லு" என்றார், கண்ணை எடுக்காமலே. "கல்யாணம் ஆனப்புறமும் இந்த வேலையத்தான் செய்வியா?"

அக்னஸ் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிரிஜெட் ஜெரார்டைப் பார்த்தாள். அவன் அணைக்க மறந்த டார்ச்சோடு நின்றான்.

"செய்வேன் ஆன்ட்டி. பினாங்குல இன்னும் நாலஞ்சு பெட்டி மழையில கெடக்குதாம். அதையும் எடுக்கணும்னு இருக்கேன்."

டமார்.

"நவநாள்ல நான் கேட்ட அடையாளம் இன்னும் வரல" என்றார் மதலேனம்மாள். "அது வர்றப்ப வரட்டும். நானே முடிவு பண்ணிக்கிறேன். ஓலை ஞாயித்துக்கிழமை வாசிக்கட்டும். ஆனா இந்த மாதிரி சனியனெல்லாம் என் முன்ஹால்ல நிக்கக்கூடாது, சொல்லிட்டேன். பின்னால வலை போட்டு வைக்கிற கொட்டகை ஒண்ணு இருக்கு. பாதி காலிதான்."

ஜெரார்டின் கையிலிருந்து டார்ச் நழுவித் தரையில் உருண்டது. அக்னஸ் எழுந்து, அழுவதா பலகாரம் எடுப்பதா என்று புரியாமல், இரண்டையும் செய்ய அடுப்படிக்கு ஓடினாள். மோரிஸ் சட்டைப் பையில் இன்னொரு இருபது சென் தேடிக்கொண்டிருந்தான்.

பிரிஜெட் மட்டும் கையை விரித்துப் பெட்டியின் அகலத்தை அளந்து பார்த்தாள்.

"கொட்டகைக் கதவு எவ்வளவு அகலம் இருக்கும், அத்தை?"

"படகையே உள்ள இழுத்துப் போட்டிருக்கோம்டி. ஒன் பெட்டி போவாதா?" என்ற மதலேனம்மாள், "தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத. பெருசு ஒண்ணு வருது" என்றார்.